குழம்பை உறிஞ்சும் க்னெட்லீக்

க்னெட்லீக், அதாவது செக் நாட்டில் மாவை வேகவைத்துச் செய்யும் உருளை, ஒருவழியாகச் சரியாக வந்துவிட்டது. வெட்டிய துண்டு தட்டில் சப்பையாகிப் போகாமல் நிற்கிறது. விரலால் அமுக்கினால் மெதுவாகத் திரும்பி எழுகிறது. குலாஷ் என்கிற கறிக்குழம்பில் வைத்தால் அடியிலிருந்து நிறம் ஏறுகிறது. இந்த மூன்றும் ஒன்றாக அமைய ஒரு குளிர்காலமே போய்விட்டது. அடுத்த வருஷம் எனக்கே மறந்துவிடும் என்பதால் அளவோடு எழுதி வைக்கிறேன்.

செக் சாப்பாடு பழக்கமில்லாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. க்னெட்லீக் இங்கே கறிக்கும் குழம்புக்கும் துணையாக வருவது. அதில் உருளைக்கிழங்கு சேர்த்தது உண்டு, உள்ளே பிளம் பழமோ ஆப்ரிகாட்டோ வைத்து உருண்டையாகப் பிடித்தது உண்டு. நான் செய்தது ஹௌஸ்கொவீ வகை. கோதுமை மாவில் ஈஸ்ட் சேர்த்துப் பிசைந்து, பழைய ரொட்டித் துண்டுகளைக் கலந்து, நீள உருளையாக உருட்டி, தண்ணீரில் வேகவைத்து, வட்ட வட்டமாக நறுக்குவது. அடுப்பில் சுடுவதே இல்லை, அதனால் மேலே பொருக்கு கிடையாது. மதியச் சாப்பாட்டு மெனுவில் குலாஷ் என்று எழுதி, பக்கத்தில் 5 துண்டு க்னெட்லீக் என்று எண்ணிக்கையும் போட்டிருப்பார்கள். கேரட், செலரிக் கிழங்கு எல்லாம் வேகவைத்து அரைத்து, க்ரீம் ஊற்றிய ஸ்விச்கொவா குழம்புக்கும் இதுதான் ஜோடி. பன்றி வறுவலும் புளித்த முட்டைக்கோஸும் வந்தாலும் இதுவே. தனியாகத் தின்றால் ருசி என்று பெரிதாக ஒன்றும் இல்லை. குழம்பைத் தாங்கி வாய்க்குக் கொண்டு சேர்ப்பதுதான் இதன் வேலை. அதைச் செய்யாத க்னெட்லீக்கை எவ்வளவு அழகாக உருட்டினாலும் பயனில்லை.

முதலில் மாவு. நான் இருக்கும் செக் நகரமான பிர்னோவில் எந்த மளிகைக் கடைக்குப் போனாலும் கோதுமை மாவு அலமாரியில் மூன்று பெயர்கள் இருக்கும். ஹ்லட்கா என்பது நம் மைதா அளவுக்கு நைஸ். பொலொஹ்ருபா நடுத்தரம். ஹ்ருபா என்பது கொரகொரப்பு, இரண்டு விரலில் எடுத்துத் தேய்த்தால் பொடி ரவைக்கு ஒரு படி கீழே இருப்பது தெரியும். வீட்டில் ஹ்லட்கா இருந்ததால் அதில் ஆரம்பித்தேன். பிசையும்போது மாவு பட்டாக வந்தது, உருளையும் நன்றாக உப்பியது. வெந்த பிறகு வெட்டினால் உள்ளே நெருக்கமாக, ரப்பர் கணக்காக இழுபட்டது. குழம்பு மேலே ஏறாமல் ஓரத்தில் வழிந்து நின்றது. பொலொஹ்ருபாவில் பாதி வழி. ஹ்ருபா வாங்கிய பிறகுதான் வெட்டின முகத்தில் சின்னச் சின்னத் துளைகள் தெரிந்தன.

ஹ்ருபாவில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது ஈரத்தை மெதுவாகத்தான் குடிக்கும். பாலை ஊற்றிக் கிளறியதும் மாவு தளர்ந்து கையெல்லாம் ஒட்டும், இன்னும் ஒரு கை மாவு போடலாமா என்று தோன்றும். போட்டால் கதை முடிந்தது, வெந்த பிறகு கல்லாகிவிடும். கீழ்வீட்டு அம்மா இதைப் பற்றி ஒரே ஒரு தடவைதான் சொன்னார். “மாவு மேல மாவு கொட்டாதீங்க. அதுக்குக் குடிக்க நேரம் கொடுங்க.” எழுபது வயதைத் தாண்டியவர். தராசு வைத்துக்கொள்ளாமல் ஒரு பீங்கான் குவளையில் எல்லாவற்றையும் அளக்கிறார். மாவு தயாரா என்பதை மரக்கரண்டியை வைத்துப் பார்க்கிறார். கரண்டியிலும் கிண்ணத்தின் ஓரத்திலும் ஒட்டாமல் விட்டு வந்தால் சரி. நான் இப்போது எல்லாவற்றையும் கலந்து ஈரத்துணி போட்டுப் பத்து நிமிடம் விட்டுவிடுகிறேன். திரும்ப வந்து தொட்டால் அதே மாவு இறுகியிருக்கிறது. அப்புறம் எட்டு, பத்து நிமிடம் மரக்கரண்டியால் அடித்துப் பிசைந்தால் போதும்.

கடைசியில் நிலைத்த அளவு இது. ஹ்ருபா மாவு 500 கிராம், பால் 250 மில்லி, முட்டை ஒன்று, உப்பு ஒன்றரை டீஸ்பூன், சர்க்கரை ஒரு சிட்டிகை, ஈஸ்ட் அரைக் கட்டி, முந்தின நாள் ரொஹ்லீக் ரொட்டி மூன்று. ஈஸ்ட் இங்கே 42 கிராம் கட்டியாகக் குளிர்பெட்டியில் விற்கிறது, அரைக் கட்டி என்றால் சுமார் 20 கிராம். உலர் ஈஸ்ட் என்றால் 7 கிராம் பாக்கெட் ஒன்று. பாலை விரல் பொறுக்கும் சூட்டுக்குக் காய்ச்சி, சர்க்கரையும் ஒரு ஸ்பூன் மாவும் போட்டு, ஈஸ்ட்டை உதிர்த்துவிட்டுப் பதினைந்து நிமிடம் வைப்பேன். நுரை பொங்கினால் மேலே போகலாம். பொங்காவிட்டால் ஈஸ்ட் பழசு. மாவையும் முட்டையையும் வீணாக்காமல் அங்கேயே நிறுத்திக்கொள்ளலாம்.

ரொஹ்லீக் என்பது இங்கே காலை மாலை எல்லாரும் வாங்கும் நீட்டு ரொட்டி, ஒன்று 43 கிராம். அன்றைக்கே வாங்கியதைப் போட்டால் பிசையும்போதே கரைந்து கூழாகிவிடுகிறது. ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் காய்ந்தது நல்லது. ஒரு சென்டிமீட்டர் சதுரமாக நறுக்கி, பிசைந்து முடித்த பிறகு கையால் மடித்து மடித்துச் சேர்க்க வேண்டும். வெண்ணெயில் வறுத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். செய்து பார்த்தேன், வாசனை நன்றாக இருந்தது, ஆனால் துண்டுகள் வெந்த பிறகும் விறைப்பாகவே இருந்து, நூலால் வெட்டும்போது பிய்ந்துகொண்டு வந்தன. மாவு உப்பிய பிறகு ரொட்டியைச் சேர்த்தும் பார்த்தேன். உப்பின காற்று பாதி வெளியேறியதுதான் மிச்சம்.

உப்ப வைப்பதில் பெரிய ரகசியம் இல்லை. சமையலறை ஜன்னல் பக்கம் 19 டிகிரிதான் இருந்தது. ஹீட்டர் மேல் கிண்ணத்தை வைத்தால் அடி மட்டும் சூடாகி மேலே தோல் கட்டியது. ஓவனை ஏற்றாமல் விளக்கை மட்டும் போட்டு உள்ளே வைத்தேன். தெர்மாமீட்டர் 28 காட்டியது, ஒரு மணி நேரத்தில் மாவு இரட்டிப்பானது. ஆரம்ப உயரத்தைக் குறிக்கக் கிண்ணத்தைச் சுற்றி ஒரு ரப்பர் பேண்ட் மாட்டிவிட்டால் கண் மதிப்பை நம்ப வேண்டியதில்லை.

இந்த அளவுக்கு மூன்று உருளை வரும், ஒவ்வொன்றும் 315 கிராம் சொச்சம். 18 சென்டிமீட்டர் நீளம், 5 சென்டிமீட்டர் தடிமன். வெந்து முடித்தால் தடிமன் 7 வரை போகும், இதை மனதில் வைத்துத்தான் பாத்திரம் எடுக்க வேண்டும். பலகையில் மாவு தூவுவதையும் குறைத்துக்கொண்டேன். அதிகமாகத் தூவினால் அது தண்ணீரில் கரைந்து உருளையின் மேல் வழவழப்பான பூச்சாகிவிடுகிறது. மடிப்பு விழுந்த பக்கத்தைக் கீழே வைத்து, துணி போர்த்தி இருபது நிமிடம். அதற்கு மேல் விட்டால் பார்க்க ஜம்மென்று இருக்கும், ஆனால் வெளியே எடுத்ததும் அமுங்கும்.

வேகவைக்க என்னிடம் இருந்த 24 சென்டிமீட்டர் பாத்திரம் பத்தவில்லை. மூன்றையும் போட்டதும் உப்பி, ஒன்றையொன்று நெருக்கி, வளைந்து போயின. இப்போது 28 சென்டிமீட்டர் அகலப் பாத்திரம், நாலு லிட்டர் தண்ணீர், ஒரு மேசைக்கரண்டி உப்பு, ஒரு நேரத்தில் இரண்டு உருளை. தண்ணீர் தளதளவென்று கொதிக்க வேண்டாம், மெல்லக் கொதித்தால் போதும். மூடி போட்டுப் பத்து நிமிடம், இரண்டு மரக்கரண்டியால் புரட்டி, மறுபடி மூடி இன்னொரு பத்து நிமிடம். நடுவில் எட்டிப் பார்க்கக் கூடாது. பதினாறு நிமிடத்தில் எடுத்ததில் நடுவே ஈரமான மாவுக் கோடு தெரிந்தது. இருபதில் தெர்மாமீட்டரை நடுவில் குத்தினால் 96 டிகிரி, கோடு இல்லை.

தண்ணீரில் போடாமல் ஆவியிலும் செய்யலாம், செக் வீடுகளிலும் செய்கிறார்கள். என்னிடம் இட்லிப் பாத்திரம் இருந்தது. குழித் தட்டுகளை எடுத்துவிட்டு, இடியாப்பத்துக்கான ஓட்டைத் தட்டைப் போட்டு, ஈரத்துணி விரித்து ஒரு உருளை வைத்தேன். முதல் தடவை மூடியிலிருந்து சொட்டிய தண்ணீர் விழுந்த இடமெல்லாம் பிசுபிசுப்பான புள்ளிகள். மூடியைத் துணியால் கட்டிய பிறகு அது நின்றது. இருபத்திரண்டு நிமிடம் ஆகிறது. ஆவியில் வெந்தது அடியில் கொஞ்சம் தட்டையாகிறது, ஆனால் அதிகமாக உப்புகிறது, தோலும் ஊறிப் போவதில்லை. ஒரு உருளை போதும் என்கிற நாளில் எனக்கு இதுதான் வசதி. நாலு பேர் வந்தால் தண்ணீர்.

இத்தனையும் சரியாகச் செய்தும் பல வாரம் ஒரு குறை தீரவில்லை. பாத்திரத்திலிருந்து எடுக்கும்போது பளபளவென்று உருண்டு திரண்டிருக்கும். தட்டில் வைத்து, குழம்பை இன்னொரு தரம் கிளறிவிட்டுத் திரும்பினால், துவைத்துப் பிழிந்த துணி மாதிரி சுருங்கியிருக்கும். வெட்டினால் தோலை ஒட்டி உள்ளே ஒரு வளையம், கண்ணாடித்தன்மையோடு, பல்லில் ஒட்டும். மாவைச் சந்தேகப்பட்டேன், ஈஸ்ட்டைக் குறைத்தேன், நேரத்தைக் கூட்டினேன். எதுவும் மாறவில்லை.

கோளாறு பாத்திரத்துக்கு வெளியேதான் இருந்தது. வெளியே எடுத்த உடனே குத்த வேண்டும். உடனே என்றால், கீழே வைத்த கையோடு. உள்ளே அடைபட்ட ஆவிக்கு வழி விடாவிட்டால் அது ஆறும்போது மறுபடி தண்ணீராகி மாவிலேயே இறங்குகிறது, உருளையும் உள்ளுக்கு இழுக்கப்படுகிறது. நான் கபாப் குத்தும் மெல்லிய இரும்புக் கம்பியை எடுத்துக்கொள்கிறேன். நீளவாட்டில் எட்டு, பத்து குத்து, நடு வரைக்கும். புரட்டி மறுபக்கமும் அதே மாதிரி. ஒவ்வொரு குத்துக்கும் ஆவி சன்னமாகச் சீறிக்கொண்டு வரும், கிட்டே விரலை வைத்தால் சுடும். முள்கரண்டியால் குத்துகிறவர்களும் உண்டு, ஆனால் அதன் முனை நடு வரை எட்டுவதில்லை. குத்தின துளைகள் நறுக்கிய பிறகு கண்ணுக்கே தெரியாது. குத்தி முடித்ததும் உருக்கிய வெண்ணெயைப் பிரஷ்ஷால் மேலே ஒரு சுற்றுத் தடவினால் தோல் காய்ந்து வெடிக்காது. இங்கே பழைய வழக்கம் பன்றிக் கொழுப்பு தடவுவது. வாசனைக்கு அது ஒரு படி மேல்தான்.

இன்னொன்றும் சேர்ந்தே கற்றேன். தட்டில் வைக்காமல், கேக் ஆற வைக்கும் கம்பி வலையில் வைக்க வேண்டும். தட்டில் வைத்தால் அடியில் வியர்த்து, அந்தப் பக்கம் மட்டும் கொழகொழத்துவிடும். இந்த இரண்டையும் மாற்றிய அன்றைக்கே, அதே மாவு, அதே அளவு, உருளை ஆறும்வரை வட்டம் குலையாமல் நின்றது. கீழ்வீட்டு அம்மாவிடம் சொன்னேன். “குத்தாமயா இவ்வளவு நாள் செஞ்சீங்க?” என்று கேட்டார். குத்துவது அவருக்கு உருளையை வெளியே எடுப்பதோடு சேர்ந்த ஒரே காரியம், அதனால் தனியாகச் சொல்லத் தோன்றவில்லை போலிருக்கிறது.

வெட்டுவதற்குக் கத்தி ஆகாது. எவ்வளவு கூராக இருந்தாலும் மேலிருந்து அழுத்துவதால் துளைகள் நசுங்கி, வெட்டின முகம் மெழுகினாற்போல் ஆகிவிடும். நசுங்கின முகத்தில் குழம்பு ஏறாது. இங்கே நூலால் வெட்டுகிறார்கள். வெள்ளைப் பருத்தித் தையல் நூலை இரட்டையாக்கி ஒரு முழம் எடுத்து, உருளைக்கு அடியில் விட்டு, இரண்டு முனையையும் மேலே குறுக்காக மாற்றிப் பிடித்து இழுத்தால் சத்தமில்லாமல் அறுத்துக்கொண்டு வரும். ஒற்றை நூல் விரலை அறுக்கிறது. நூல் தீர்ந்த ஒரு நாள் பல் இடுக்குச் சுத்தம் செய்யும் ஃப்ளாஸை எடுத்தேன். வேலை செய்தது, ஆனால் அது புதினா வாசனை ஃப்ளாஸ். அன்றைய ஸ்விச்கொவாவைப் பற்றி அதற்கு மேல் எழுத வேண்டாம். மூன்று, நாலு நிமிடம் ஆறவிட்டு வெட்டினால் துண்டு பிசிறில்லாமல் வரும். கனம் ஒன்றரையிலிருந்து இரண்டு சென்டிமீட்டர், ஒரு உருளைக்குப் பன்னிரண்டு துண்டு. கம்பிகள் வரிசையாகக் கட்டிய வெட்டுக்கருவியும் கடையில் கிடைக்கிறது. வருஷத்துக்குப் பாதி நாள் அலமாரியில் தூங்கும் பொருள், நான் வாங்கவில்லை.

உறிஞ்சுகிறதா என்பதைக் கண்ணால் மட்டும் பார்த்தால் போதாது என்று தராசில் போட்டேன். 26 கிராம் துண்டு ஒன்றைக் குலாஷில் ஒரு நிமிடம் படுக்க வைத்து, எடுத்துச் சொட்டவிட்டு நிறுத்தால் 35 கிராம். ஃப்ரீசரில் மிச்சமிருந்த ஹ்லட்கா துண்டை ஆவியில் சூடாக்கி அதே மாதிரி செய்ததில் 3 கிராம்கூட ஏறவில்லை. குழம்பின் பதமும் முக்கியம். கரண்டியின் பின்பக்கத்தில் பூசினால் நிற்கும் அளவு இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் துண்டு ஊறிப் பிய்கிறது, மாவு கரைத்து ரொம்பக் கெட்டியாக்கினால் மேலேயே உட்கார்ந்துவிடுகிறது. குலாஷுக்கு நான் மாட்டிறைச்சியும் வெங்காயமும் எடைக்கு எடை போடுகிறேன். வெங்காயம் கரைந்தே பாதி கெட்டியாகிவிடும். கறி சாப்பிடாதவர்களுக்குக் காளான் க்ரீம் குழம்பு, இல்லையென்றால் சதகுப்பை போட்ட கொப்ரொவ்காவும் வேகவைத்த முட்டையும். கொப்ரொவ்கா கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் இனிப்பு. பள்ளிச் சாப்பாட்டில் தின்று வெறுத்துப்போன செக் நண்பர்கள் எனக்கு உண்டு. எனக்கு அதுதான் முதலிடம்.

செலவு, நான் வாங்கிய விலையில்: மாவு 11 கொருனா (செக் நாணயம்), ஈஸ்ட் 4, முட்டை 5, பால் 6, ரொஹ்லீக் 9. மொத்தம் 35 கொருனாவுக்கு மூன்று உருளை, ஆறு பேருக்கு வரும். கடையில் உறையில் போட்டு விற்கும் ஒரு உருளையே அப்போது 50 கொருனாவை ஒட்டி வந்தது. கடைச் சரக்கு மோசமில்லை, ஆவியில் சூடாக்கினால் அவசரத்துக்கு ஆகும். புதிதாக வாங்கின கருவி என்றால் கம்பி வலையும் அகலப் பாத்திரமும்தான். பாத்திரம் பழைய சாமான் கடையில் 180 கொருனா, மூடியில் கைப்பிடி ஆடுகிறது.

மிச்சத்தை அன்றைக்கே நறுக்கி, துண்டுகளை ஒட்டாமல் பரப்பி உறைய வைத்துப் பையில் போட்டுக்கொள்கிறேன். ஆவியில் ஐந்து நிமிடம் வைத்தால் புதிது போலவே வருகிறது. மைக்ரோவேவில் ஈரத்துணி மூடி நாற்பது விநாடி, ஆனால் ஆறுவதற்குள் தின்றுவிட வேண்டும், ஆறினால் விறைத்துவிடும். மறுநாள் காலைக்கு ஒரு வேலை இருக்கிறது. குளிர்ந்த துண்டுகளைச் சதுரமாக வெட்டி, வெண்ணெயில் ஓரம் சிவக்க வறுத்து, முட்டையை அடித்து ஊற்றிக் கிளறி, ஊறுகாய் வெள்ளரியோடு சாப்பிடுவார்கள். நான் மிளகுத்தூள் தாராளமாகப் போடுகிறேன்.

அடுத்த முறை மாற்றப்போவது இரண்டு. பாலில் 100 மில்லியைக் குறைத்து அந்த அளவுக்குக் காஸ் ஏற்றிய தண்ணீர் ஊற்றிப் பார்க்க வேண்டும், இன்னும் லேசாக வரும் என்று இங்கே பலர் சொல்கிறார்கள். உருளையை மூன்றுக்குப் பதில் நாலாக்கினால் பழைய 24 சென்டிமீட்டர் பாத்திரத்திலேயே இரண்டிரண்டாக வேகும் என்று கணக்குப் போட்டிருக்கிறேன், வேக வைக்கும் நேரம் பதினேழு நிமிடத்தில் ஆரம்பித்துப் பார்க்கலாம்.

ஹ்ருபா கிடைக்காத ஊரில் இருப்பவர்களுக்காக ஒன்று செய்து பார்த்தேன். ஹ்லட்கா 350 கிராம், குழந்தைகளுக்குக் கூழ் காய்ச்ச இங்கே விற்கும் நைஸ் ரவை 150 கிராம், மற்றதெல்லாம் அதே அளவு. கலந்து ஊறவிடும் நேரத்தைப் பத்திலிருந்து இருபத்தைந்து நிமிடமாக்கினேன், ரவை இன்னும் மெதுவாகக் குடிக்கிறது. துண்டு குழம்பில் 7 கிராம் ஏறியது. மைதாவும் பொடி ரவையும் வைத்துச் செய்கிறவர்கள் இந்த விகிதத்தில் தொடங்கலாம். வறுத்த ரவை பாக்கெட் வேண்டாம், வறுக்காததை வாங்கிக்கொள்ளுங்கள்.